பனி இறுகிய காலையில் ஒரு தர்மசங்கடம்

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் பனிக்காலம் ஒரே சீராக இருப்பதில்லை. ஜனவரி நடுவில் திடீரென்று இரண்டு நாள் குளிர் விட்டுக்கொடுக்கும், மழைகூடப் பெய்யும். மூன்றாம் நாள் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். ஈரம் குடித்த பனி விடிவதற்குள் இறுகிப்போகும். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ எடை இருக்கும். இயந்திரம் ஓட்டிச் சீர்செய்த சரிவில் அதுவே 400, 500 கிலோ ஆகும். முழு ஐஸ் என்றால் 917 கிலோ. இந்தக் கணக்கெல்லாம் தெரியாதவருக்கும் வித்தியாசம் காதில் விழும். நல்ல பனியில் ஸ்னோபோர்டு போகும் சத்தம் அடங்கியிருக்கும். இறுகிய பனியில் பலகையின் எஃகு விளிம்பு உரசும்போது தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்தாற்போல ஒரு கறகறப்பு எழும். மலையுச்சிக்கு ஏற்றிச்செல்லும் லிஃப்ட் நாற்காலியில் இருப்பவர்கள் கீழே குனிந்து பார்க்காமலே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

தெரிந்துகொண்டும் மேலே போவார்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், தம் மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பிணைத்தார். ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர். 1977இல் வெர்மான்ட்டில் பலகைகள் செய்து விற்கத் தொடங்கினார். பனிச்சறுக்கு மையங்கள் ஆரம்பத்தில் இந்தப் பலகைக்காரர்களை உள்ளே விடவில்லை. 1983இல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை கதவைத் திறந்தது. 1998இல் ஜப்பானின் நகானோவில் ஸ்னோபோர்டிங் ஒலிம்பிக் விளையாட்டாகவே ஆகிவிட்டது. மேற்கே ராக்கி மலைகளில் இருப்பவர்களுக்குப் பஞ்சு போன்ற பனி வாய்த்தது. கிழக்கே இருப்பவர்கள் ஐஸில் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டார்கள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள்.

இவர்களைப் பார்த்து மதங்களும் தத்துவமும் கேட்கக்கூடிய கேள்வி பழையது. பிழைப்புக்காக ஒருவர் ஆபத்தில் இறங்கலாம். பிறரைக் காப்பாற்ற இறங்கினால் கையெடுத்துக் கும்பிடலாம். வெறும் சந்தோஷத்துக்காக, கீழே போய்ச் சேர்ந்தவுடன் மறுபடி மேலே வருவதற்காக, ஒருவர் தன் மண்டையையும் முதுகெலும்பையும் பணயம் வைக்கலாமா? அந்த உடம்பு அவருடையதுதானா?

பதிலுக்குப் போவதற்கு முன்னால் ஐஸ் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமல் பேசினால் வெறும் உபதேசம்தான் மிஞ்சும்.

ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில், போகும் திசைக்குக் குறுக்காக, கட்டப்பட்டிருக்கும். பலகையின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு உண்டு: கால்விரல் பக்கம் ஒன்று, குதிகால் பக்கம் ஒன்று. திரும்புவதும் நிற்பதும் இவற்றில் ஒன்றைப் பனிக்குள் இறக்கித்தான். மென்பனி இடம் கொடுக்கும், ஐஸ் கொடுக்காது. அந்த நேரத்தில் புதியவரின் உடம்பு தானாகவே மூன்று காரியம் செய்யும். முழங்கால் விறைக்கும். உடம்பு மலைப்பக்கமாகச் சாயும். விளிம்பைக் கால் இன்னும் பலமாக அழுத்தப் பார்க்கும். மூன்றும் தப்பு. மலைப்பக்கம் சாய்ந்தால் எடை விளிம்பைவிட்டு விலகும். எடை விலகிய விளிம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். சொல்லிக்கொடுப்பவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. முழங்காலைத் தளர்வாக மடக்கி, இடுப்பைப் பலகைக்கு நேர் மேலே வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் திட்டு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திட்டின் மேல் திரும்ப முயலாமல், பலகையை ஏறக்குறைய மட்டமாக, ஒரு விளிம்பை மட்டும் மயிரிழை தூக்கியபடி கடக்கவிட வேண்டும். மற்றவர்கள் சுரண்டிச் சென்ற பனித்தூள் சரிவின் ஓரங்களில் ஒதுங்கிக் கிடக்கும்; திருப்பத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். முந்தின இரவே விளிம்பை அரம் போட்டுக் கூர்தீட்டியிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மயிரிழை என்பதற்குக் காரணம் உண்டு. பலகை முழுக்க மட்டமாகிவிட்டால், பள்ளத்துப் பக்கத்து விளிம்பு எதிலாவது மாட்டும். மாட்டிய நொடியில் ஆள் தூக்கியெறியப்படுவார். குதிகால் விளிம்பு மாட்டினால் மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபடும். ஜப்பானின் நகானோ பகுதியில் இந்தக் காயங்களை ஆராய்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர்கள், செங்குத்தான சரிவில் சாகசம் செய்தவர்களிடம் மட்டுமல்ல, லேசான சரிவில் தடுமாறிய புதியவர்களிடமும் இதே அடியைக் கண்டார்கள். முன்னால் விழுபவர்கள் உள்ளங்கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார்கள். விரல்களை மடக்கி முன்னங்கையில் விழ வேண்டும், பின்னால் விழுந்தால் மோவாயை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை முதல் நாளிலேயே பழக்குகிறார்கள். நார்வேயின் ஹாஃப்யெல் மையத்தில் 5,029 ஸ்னோபோர்டர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மணிக்கட்டுக் காப்பு கொடுத்துப் பார்த்தார்கள். காப்பு அணிந்தவர்களில் 8 பேருக்கும் அணியாதவர்களில் 29 பேருக்கும் மணிக்கட்டில் காயம் ஏற்பட்டது. 2001இல் வெளியான ஆய்வு இது.

ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பதே விஞ்ஞானிகளை நூறு வருடத்துக்கு மேல் இழுத்தடித்த கேள்வி. 1850இல் மைக்கேல் ஃபாரடே, ஐஸின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது என்றார். அழுத்தத்தால் உருகுகிறது என்று பின்னால் ஒரு கருத்து வந்து, பள்ளிப் பாடப்புத்தகம்வரை போய் உட்கார்ந்துகொண்டது. 1939இல் பௌடனும் ஹியூஸும் உராய்வின் சூட்டுக்குத்தான் பெரிய பங்கு என்று காட்டினார்கள். சறுக்குபவர் வழுக்கும் வழியில் ஒரு பகுதியைப் போகும்போது தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

இனி அந்தப் பழைய கேள்வி. பதினெட்டாம் நூற்றாண்டில் பிராக் நகரத்தின் தலைமை ரப்பியாக இருந்தவர் எசேக்கியேல் லாண்டாவ். கிராமங்களும் காடுகளும் சொந்தமாக இருந்த ஒரு யூதச் செல்வந்தரைப் பற்றிய கேள்வி அவரிடம் வந்தது: துப்பாக்கி எடுத்துக்கொண்டு அவர் வேட்டைக்குப் போகலாமா? மிருகவதையைப் பற்றிப் பேசிவிட்டு, லாண்டாவ் இன்னொன்றையும் எடுத்தார். கொடிய மிருகங்கள் உலவும் காட்டுக்குள் போகிறவர் தம் உயிரை ஆபத்தில் வைக்கிறார். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழியில்லாத ஏழை போனால் அதை வேதம் பொறுத்துக்கொள்ளும். மரத்தில் ஏறிக் கூலி சம்பாதிப்பவன் உயிரைப் பணயம் வைத்துத்தான் ஏறுகிறான் என்பதை அது அறியும். பொழுதுபோக்குக்காகப் போக அனுமதி இல்லை. யூத மரபில் இன்றும் ஆபத்தான விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பதிலைத் தொடாமல் போவதில்லை.

மற்ற மரபுகளும் இதற்கு அக்கம்பக்கமாகத்தான் நிற்கின்றன. கோவில் உப்பரிகையிலிருந்து குதி, தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று சாத்தான் சொன்னபோது இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்ப்பது பக்தி ஆகாது என்று மறுத்தார். ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனை நம்பி விட்டுவிடட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதாகத் திர்மிதியின் நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் வெளிப்படை. வேகமோகத்தால் சாலையிலும் கடலிலும் ஆகாயத்திலும் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்தில் தள்ளுவது பெரும் குற்றம் என்கிறது. பனிமலையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கொஞ்சம் சங்கடமாகியிருக்கும். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பனிச்சறுக்குப் பிரியர். பதவிக்கு வந்த பிறகும், 1984இல், இத்தாலிய ஜனாதிபதி உடனிருக்க அடமெல்லோ பனிமலையில் சறுக்கியவர். அவருக்கு முன்னோடியான பதினோராம் பயஸ் இளம் பாதிரியாராக இருந்தபோது, 1889இல், மோன்டே ரோசாவின் கடினமான கிழக்குச் சுவரில் ஏறி, வழியில் பாறையிலேயே இரவைக் கழித்தவர். அவரே 1923இல், ஆல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கர்களுக்கு விடுதி கட்டிய புனித பெர்னார்டை மலையேறிகளின் காவலராக அறிவித்தார். அதற்கான கடிதத்தில் மலையேற்றத்தை உடலுக்கும் ஆன்மாவுக்கும் நல்ல பயிற்சி என்று புகழ்ந்தார். ஆனால் துடுக்குத்தனம் கூடாது என்று நிபந்தனை போட்டார்.

லாண்டாவ் போட்ட கோட்டுக்கும் பயஸ் போட்ட கோட்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. ரப்பி, எதற்காகப் போகிறாய் என்று கேட்கிறார். திருத்தந்தை, எப்படிப் போகிறாய் என்று கேட்கிறார். நோக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது எளிது, ஆனால் இன்றைய பனிச்சரிவில் அது நிற்காது. விளையாட்டே பிழைப்பாகிவிட்ட காலம் இது. விளம்பரதாரர் கொடுக்கும் பணத்தில் வீட்டுக் கடன் கட்டுகிற ஸ்னோபோர்டர், லாண்டாவ் சொன்ன கூலியாளா, வேட்டைக்குப் போன செல்வந்தரா?

கெவின் பியர்ஸ் இந்தக் கேள்விக்கு ரத்தமும் சதையுமான உதாரணம். வெர்மான்ட் பையன். அப்பா சைமன் பியர்ஸ் கண்ணாடி ஊதும் கைவினையில் பேர் எடுத்தவர். 2009 எக்ஸ் கேம்ஸ் போட்டியின் சூப்பர்பைப் பிரிவில் (பெரிய ஹாஃப்பைப், அதாவது அரைக்குழாய் வடிவப் பனிப்பள்ளம்) ஷான் வைட் என்ற ஸ்னோபோர்டருக்கு அடுத்த இடம் கெவினுக்கு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வைட்டைத் தோற்கடிக்கக் கூடியவர் என்று பேசப்பட்டார். 2009 டிசம்பர் 31 அன்று யூட்டாவின் பார்க் சிட்டியில், இறுக்கிச் செதுக்கிய ஹாஃப்பைப் சுவரில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒலிம்பிக் பதக்கத்துக்குத் தேவை என்று கருதப்பட்ட புதிய இரட்டைச் சுழற்சியைத்தான் பழகினார். இறங்கும்போது தலை பனியில் மோதியது. ஹெல்மெட் அணிந்திருந்தார். உயிர் தப்பியதற்கே அந்த ஹெல்மெட்தான் காரணம் என்கிறார்கள். ஆனாலும் மூளையில் பலத்த காயம். 22 வயதில் நடக்கவும் விழுங்கவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஜனவரியில், அதே பார்க் சிட்டி மையத்தின் ஹாஃப்பைப்பில் கனடாவின் பனிச்சறுக்கு வீராங்கனை சாரா பர்க் விழுந்தார். சில நாட்களில் இறந்துபோனார். அவரும் ஹெல்மெட் அணிந்திருந்தவர்தான். ஹாஃப்பைப் பனிச்சறுக்கை ஒலிம்பிக்கில் சேர்க்கப் பாடுபட்டவர் அவர். 2014இல் அது சேர்ந்தபோது பார்க்க அவர் இல்லை.

இவர்கள் அறியாமல் போனவர்கள் அல்லர். சுவரின் உயரம், பனியின் இறுக்கம், சுழற்சியின் அபாயம் எல்லாமே அத்துப்படி. இங்கேதான் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் வந்து சேருகிறார். 1859இல் வெளியான சுதந்திரம் பற்றிய நூலில் அவர் ஒரு பாலத்தைச் சொல்கிறார். இடிந்து விழப்போவது உறுதியான பாலத்தில் ஒருவர் கால் வைக்கப் போகிறார். எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுத்துவிடலாம், ஏனென்றால் ஆற்றில் விழுவது அவருடைய விருப்பமாக இருக்க முடியாது. ஆனால் விழுவது உறுதியில்லை, ஆபத்து மட்டும்தான் என்றால், அந்த ஆபத்து தனக்குத் தகுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவரே. மற்றவர்கள் எச்சரிக்கலாம், தடுக்க முடியாது. பனிச்சறுக்கு மையங்களின் அறிவிப்புப் பலகைகள் எல்லாம் மில்லின் பேரப்பிள்ளைகள்தான்.

ஆனால் அந்தப் பலகைகள் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது அதிகம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிய சரிவு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். இந்தக் குறிகள் அந்தந்த மலைக்குள் ஒரு சரிவை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் போட்டவை. மழை பெய்து உறைந்த காலையில் அவற்றை யாரும் மாற்றி நடுவதில்லை. அன்றைக்குப் பச்சை வட்டம் பச்சை இல்லை. இன்னொரு பக்கம், எளிய சரிவு என்ற எண்ணமே கண்ணை மறைக்கும். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கியூபெக்கின் மோன் திரெம்ப்லான் மையத்தில், பயிற்சியாளருடன், தொடக்கநிலைச் சரிவில்தான் விழுந்தார். ஹெல்மெட் இல்லை. எழுந்து சிரித்துப் பேசினார். வந்த ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே கசிந்த ரத்தம் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டியது. இரண்டாம் நாள் இறந்தார். வயது 45. அவர் கடந்த பாலத்தில் எச்சரிக்கை எதுவும் எழுதியிருக்கவில்லை.

மில் தம் விதிக்கு ஒரு விலக்கும் வைத்திருக்கிறார். அதைப் பலர் கவனிப்பதில்லை. குழந்தை, சித்தம் கலங்கியவர், அத்துடன் நின்று யோசிக்க இடமில்லாத அளவுக்குப் பரபரப்பிலோ எதிலாவது ஆழ்ந்தோ இருப்பவர். இவர்களுக்கு அந்தச் சுதந்திரம் அப்படியே பொருந்தாது என்கிறார். ஸ்னோபோர்டரின் வாயை அடைப்பதற்கென்றே எழுதியது போலிருக்கிறது. சரிவில் இறங்கிய பிறகு அவர் இருப்பது அந்த நிலையில்தானே? அதற்காகத்தானே வந்ததே?

அந்த நிலையைத் தத்துவமாக்கியவர் பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்ர். தம் துணைவி சிமோன் த பொவாருடன் ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்குக்குப் போய்வந்தவர் அவர். 1943இல் வெளியான ‘இருத்தலும் இன்மையும்’ என்ற தடித்த நூலின் பிற்பகுதியில், எல்லாரும் களைத்துப்போயிருக்கும் இடத்தில், பனிச்சறுக்குக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். நின்றால் காலடியில் அமிழ்கிற பனி, வேகமாகப் போகும்போது ஆளைத் தாங்குகிறது. அந்த உறுதியை அதற்குக் கொடுத்தது சறுக்குபவரின் வேகம். அந்த வகையில் அவர் அந்த வெள்ளைவெளியைத் தொட்டும் தொடாமலும் தனதாக்கிக்கொள்கிறார். சறுக்கல் என்பது வேரூன்றலுக்கு எதிர்ப்பதம் என்பது சார்த்ரின் கருத்து. பின்னால் தடம் விழுவதுதான் அவருக்குக் குறையாகப் படுகிறது. தண்ணீர்மேல் சறுக்குவதே முழுமைக்குப் பக்கத்தில் வரும் என்கிறார்.

அவர் ஐஸைப் பற்றி யோசித்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஐஸில் தடம் ஏறக்குறைய விழுவதே இல்லை. சார்த்ர் கேட்டது கிடைத்துவிடுகிறது. ஆனால் ஐஸின் உறுதியை யாருடைய வேகமும் கொடுக்கவில்லை. ஆள் வருவதற்கு முன்பே அது அப்படித்தான் இருந்தது, போன பின்பும் அப்படியேதான் இருக்கும். அதை யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது. மென்பனியில் சறுக்குபவருக்கு மலை தன்னுடையது என்ற மயக்கம் வரலாம். ஐஸில் ஒவ்வொரு மீட்டரையும் படித்துப் படித்துத்தான் போக வேண்டும்: இங்கே சாம்பல் நிறம், அங்கே மங்கிய வெள்ளை, நிழலில் ஒரு பளபளப்பு. கிழக்குக் கரைக்காரர்களுக்கு இந்தப் பாழாய்ப்போன பரப்பின்மேல் ஒரு மரியாதை இருப்பதற்கு இந்தக் கவனம்தான் காரணமாக இருக்க வேண்டும். மென்பனியில் மெய்மறப்பது சுகமென்றால், ஐஸில் மெய்ம்மறதிக்கே இடமில்லாத ஒரு கூர்மை. இரண்டுமே சந்தோஷம்தான். இரண்டாவதை ஆபத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

இதற்குப் பயமின்மை தேவை என்று நினைப்பது தவறு. அரிஸ்டாட்டில், அலைக்கும் நிலநடுக்கத்துக்கும் அஞ்சாதவர்கள் என்று கெல்ட் இனத்தாரைப் பற்றிச் சொல்லப்படுவதைக் குறிப்பிட்டு, அப்படிப்பட்டவரை வீரர் என்று சொல்ல மறுக்கிறார். பைத்தியம் அல்லது மரத்துப்போனவர் என்கிறார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் வைத்திருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. அது ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் இருக்கிறது, ‘படைச்செருக்கு’ அதிகாரத்தில் இல்லை.

ஆக, சிக்கல் இப்படி நிற்கிறது. ஆபத்தை ஏற்பதை நியாயப்படுத்தும் சந்தோஷம் எதுவோ, அதுவே ஆபத்தை எடைபோடும் சக்தியையும் பறித்துவிடுகிறது. அப்படியானால் சம்மதம் சரிவில் கொடுக்கப்படுவதாக இருக்க முடியாது. லிஃப்டில் ஏறுவதற்கு முன்னால், பனியில் கால் படாத இடத்தில், சுற்றி நாலு பேர் இருக்கும்போது கொடுக்கப்பட வேண்டும். அந்த நாலு பேருக்கு அதில் பேச்சும் இருக்க வேண்டும்.

லூசி வாக்கர் 2013இல் எடுத்த ‘தி கிராஷ் ரீல்’ என்ற ஆவணப்படத்தின் உயிர்நாடியான காட்சிகள் பனியில் நடப்பவை அல்ல, பியர்ஸ் குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையில் நடப்பவை. உடம்பு ஓரளவு தேறியதும் கெவின் மறுபடி போட்டிக்குப் போக வேண்டும் என்கிறார். இன்னொரு முறை தலையில் அடிபட்டால் முடிந்தது கதை என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன்மார் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நயமாகப் பேசிப் பார்க்கிறார்கள். டேவிட் என்ற அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவருக்கு நயம் தெரியாது. நீ செத்துப்போய்விடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்ற பொருளில் நேராகச் சொல்லிவிடுகிறார். கெவின் பதில் சொல்லத் திணறுகிறார். என் உடம்பு, என் வாழ்க்கை, என் தொழில் என்று மில்லின் துணையோடு சொல்லக்கூடியதெல்லாம் அந்த மேஜையில் எடுபடவில்லை. 2011 டிசம்பரில், கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில், நண்பர்கள் சூழ அவர் மறுபடி பலகையில் நின்றார். ஆனால் போட்டிக்குத் திரும்பவில்லை. பின்னால் இன்னொரு அண்ணன் ஆடமுடன் சேர்ந்து, மூளைக்காயம் பட்டவர்களுக்கான அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டால் இந்தப் பேச்சே வேண்டாமே என்று தோன்றலாம். நார்வேயில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தின் வாய்ப்பை 60 சதவீதம் குறைக்கிறது என்று கண்டது. அணியாமல் போவதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் 2002-03இல் நால்வரில் ஒருவர் ஹெல்மெட் அணிந்தார் என்றால், 2015 வாக்கில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் அணிந்தார்கள். அந்தக் காலம் முழுவதும் சரிவுகளில் இறப்போர் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 40 என்ற அளவிலேயே நின்றது. காரணம் ஓரளவு எளிமையானது. ஐரோப்பியத் தரவிதியின்படி ஹெல்மெட்டை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியது. சரிவில் சாதாரணமாகப் போகிறவரின் வேகமே அதற்கு இரண்டு மடங்கு. ஐஸில் நிறுத்த முடியாமல் போய் மரத்தில் மோதினால் ஹெல்மெட்டின் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. 2013 டிசம்பரில் பிரான்ஸின் மெரிபெல் பனிச்சறுக்கு மையத்தில் கார்ப்பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பாறையில் மோதியபோது அவருடைய ஹெல்மெட் பிளந்தது.

இன்னொரு காரணத்தைக் கனடாவின் உளவியலாளர் ஜெரால்ட் வைல்ட் முன்வைத்தார். ஒவ்வொருவரும் தனக்குத் தாங்கும் என்று ஓர் ஆபத்தளவை மனதில் வைத்திருக்கிறார். பாதுகாப்பு கூடினால் அந்த அளவுக்கு வந்து சேரும்வரை துணிச்சலையும் கூட்டிக்கொள்கிறார். மியூனிக் நகரில் ஏபிஎஸ் பிரேக் பொருத்திய டாக்ஸிகள் விபத்தில் குறைவு காட்டவில்லை, ஓட்டுநர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள் என்பது அவர் தரப்பு எடுத்துக்காட்டும் உதாரணம். பனிச்சரிவுக்கு இது அப்படியே பொருந்துகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஆனால் திர்மிதியின் ஒட்டகத்துக்கு இது ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவருகிறது. கட்டிவிட்டு நம்பு என்றால் சரி. கட்டியாயிற்றே என்ற தைரியத்தில் திருடர்கள் உலவும் இடத்தில் கொண்டுபோய்க் கட்டுகிறவரை என்ன சொல்வது?

இதுவரை பேசியதெல்லாம் ஒருவரின் சொந்த மண்டையைப் பற்றி. பைபிளின் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் வீடு கட்டுகிறவருக்கு ஒரு கட்டளை இருக்கிறது: மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், யாராவது விழுந்தால் அந்த ரத்தப்பழி வீட்டின்மேல் வரும். சுவர் யாருக்காக? வீட்டுக்காரருக்காக மட்டும் அல்ல, மாடிக்கு வருகிற மற்றவர்களுக்காக. பனிச்சறுக்கு மையமும் அப்படியொரு மாடிதான். 1974இல் ஸ்ட்ராட்டன் மலையில், புதியவர்களுக்கான சரிவில், பனிக்குள் மறைந்திருந்த புதர்க்கிளையில் மாட்டி ஓர் இளைஞருக்குக் கைகால் செயலிழந்தது. நடுவர் குழு 15 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் 1978இல் அதை உறுதிசெய்தது. மையங்கள் பதறின. அதே ஆண்டு சட்டமன்றம், ஒரு விளையாட்டில் இறங்குபவர் அதில் வெளிப்படையாகவும் தவிர்க்க முடியாததாகவும் இருக்கும் ஆபத்துகளைத் தானே ஏற்கிறார் என்று சட்டம் போட்டது. ஐஸ் வெளிப்படையானதா? லிஃப்டிலிருந்து கேட்டவருக்கு ஆம். புதுப்பனி ஓர் அங்குலம் மேலே தூவியிருக்கும் காலையில், அனுபவசாலிக்கும் இல்லை.

சரிவில் யாரும் தனியாக இல்லை என்பதைச் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இலேயே பத்து விதிகளாக எழுதிவைத்தது. முதல் விதியே பிறருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது. வேகத்தை அன்றைய பனிக்கும் வானிலைக்கும் ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாலிருந்து வருகிறவர்தான் முன்னால் போகிறவரைத் தவிர்க்கும்படி பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விபத்தைக் கண்டவர் உதவ வேண்டும். ஐஸில் இந்த விதிகளின் எடை கூடுகிறது, ஏனென்றால் நிற்கத் தேவையான தூரம் எகிறிவிடுகிறது. கீழே உட்கார்ந்து வார் கட்டிக்கொண்டிருக்கும் சிறுமி, மேலே இருப்பவரின் சுதந்திரக் கோட்பாட்டைப் பற்றி எதுவும் கேள்விப்பட்டதில்லை. அடிபட்டவரைச் சறுக்குவண்டியில் கட்டிக் கீழே இறக்கும் மீட்புப் பணியாளரும் அதே ஐஸில்தான் இறங்கியாக வேண்டும்.

இத்தாலி இந்தத் தர்மசங்கடத்தைச் சட்டமாகப் படிப்படியாக எழுதிக்கொண்டிருக்கிறது. 2003இல் வந்த சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 2022 தொடக்கத்திலிருந்து அந்த வயது 18 ஆனது. கூடவே, சரிவில் இறங்குகிற ஒவ்வொருவரும் பிறருக்கு விளைவிக்கக்கூடிய சேதத்துக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அதுவரை மில் கையெழுத்துப் போட்டிருப்பார்: குழந்தையைக் காப்பாற்று, பிறருக்குச் சுவர் கட்டு, வயதுவந்தவரின் மண்டையை அவரிடமே விடு. 2025-26 பனிக்காலத்திலிருந்து வயது வரம்பு நீக்கப்பட்டு ஹெல்மெட் எல்லாருக்கும் கட்டாயமாகியிருக்கிறது. பிராக் நகரத்து ரப்பியின் பக்கமாக ஓர் அடி. ஆனால் பனி இறுகிய காலையில் எத்தனை மணிக்கு லிஃப்டைத் திறப்பது, எந்தச் சரிவைக் கயிறு கட்டி மூடுவது என்பதை இன்னும் அந்தந்த மலைக்காரர்கள்தான், விடியும் முன் தாங்களே ஒருமுறை சறுக்கிப் பார்த்துவிட்டு, முடிவு செய்கிறார்கள்.